சூடம் அடித்த கை

அந்த டவுனுக்குப் பெயர் உண்டு. சொன்னால் இன்றைக்கும் நாலு பேர் சண்டைக்கு வருவார்கள், அதனால் வேண்டாம். ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் நடுவில், மலை மடிப்பில், ஒரு கடைவீதியும் ஒரு போலீஸ் ஸ்டேஷனும் ஒரு பட்டினசபைக் கட்டடமுமாக இருந்த ஊர். ஆடி மழையில் கடைக்குள்ளேயே தண்ணீர் புகும். மாசி பிறந்துவிட்டால் வாய் கொப்பளிக்கக்கூடக் கிடைக்காது. இந்தத் தண்ணீரை வைத்துப் பட்டினசபையும் பக்கத்துக் கிராமசபையும் வருஷக்கணக்காக முறைத்துக்கொண்டிருந்தன. ஓடையை மேலே மறித்துவிட்டார்கள் என்பார்கள் இவர்கள். டவுன் குப்பையை எங்கள் பக்கம் கொட்டுகிறார்கள் என்பார்கள் அவர்கள். இரண்டு சேர்மன்மாரும் ஒரு கல்யாண வீட்டில் எதிர்ப்பட்டால் ஆளுக்கொரு திசையில் திரும்பி உட்கார்ந்துதான் சாப்பிடுவார்கள்.

ஐம்பத்தொன்பதாம் வருஷம் மேலிடத்திலிருந்து ஒரு செய்தி வந்தது. தனித்தனியாகக் கேட்டால் ஒன்றும் கிடைக்காது, இரண்டு சபையும் சேர்ந்து திட்டம் போட்டால் குழாயும் சிமெந்தும் அரசாங்கம் தரும் என்று. அவ்வளவுதான், பகை போன இடம் தெரியவில்லை. கூட்டுக் கமிட்டி என்று ஒன்று பிறந்தது. இரண்டு சேர்மன்மாரும் தோள்மேல் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். எல்லாம் சரி, தண்ணீர்? அது இரண்டு பேரிடமும் இல்லை. தேடிக்கொண்டு கிளம்பிய ஓவசியர், மேலே ஊசிப்பாறைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசைக் குடியிருப்பான கீழ் லயத்துப் பீலியில் போய் நின்றார்.

பீலி என்பது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. பாறை இடுக்கில் ஊறி வருகிற ஊற்று, அதன் வாயில் சொருகிய ஒரு தகரம். முன்பு மூங்கில் இருந்ததாம், பிறகு தகரம் வந்ததாம். எந்தப் பங்குனியிலும் அது நின்றதில்லை. விடிகாலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு ஓடுவதற்கு முன்னால் பெண்கள் குடம் வைப்பது அங்கே. சாயங்காலம் கொழுந்துக் கறை போகக் கை தேய்ப்பது அங்கே. மாமியாரைத் திட்டுவது, வயசுக்கு வந்த பிள்ளைக்குத் தலைக்கு ஊற்றுவது, வைகாசித் திருவிழாவில் மாரியம்மனுக்குத் தண்ணீர் மொண்டு கரகம் பாலிப்பது, எல்லாம் அங்கேதான். குடியிருந்த ஒற்றையறைக் காம்பரா தோட்டத்துடையது. ஓட்டு ஒன்று இருந்தது, சுதந்திரம் வந்த கையோடு அதையும் பிடுங்கிக்கொண்டார்கள். பீலி ஒன்றுதான் யார் கண்ணிலும் படாமல் அந்த ஜனங்களிடம் மிஞ்சிக் கிடந்தது.

காளியாயி அந்த லயத்தில் கொழுந்து எடுக்கிறவள். புருஷன் போய் ரொம்ப காலம். சங்கத்தில் மாதர் தலைவி. குரல் கொஞ்சம் பெரிசு, மனசும் பெரிசு, நம்பிக்கை இரண்டையும்விடப் பெரிசு. அவள் ஒன்று சொன்னால் கீழ் லயத்துப் பெண்கள் மறுபேச்சுப் பேசமாட்டார்கள். தங்கை விட்டுப்போன மகள் பூரணியைத் தானே வளர்த்து, அதே லயத்தில் பக்கத்துக் காம்பராவிலேயே கட்டிக்கொடுத்திருந்தாள். பூரணியின் கைப்பிள்ளைக்கு அப்போது நடை பழகுகிற வயசு.

ஊற்றைத் தருவதில் தோட்டத்துத் தொரைக்கு ஆட்சேபணை இல்லை. லயத்து ஆட்கள் கூச்சல் போடக்கூடாது, வேலை கெடக்கூடாது, அவ்வளவுதான் அவர் கேட்டது. ஆகவே கூச்சல் போடாமல் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் தேவைப்பட்டது. பட்டினசபையில் இருந்த ஒரே தமிழ் மெம்பர் சண்முகராஜா முதலாளியை அனுப்பினார்கள்.

கடைவீதியில் பெரிய பலசரக்குக் கடை அவருடையது. சம்பளத்தன்று ஊசிப்பாறை முழுக்க அவர் கடையில்தான் நிற்கும். தோட்டத்து ஜனங்கள் பிரஜாவுரிமைக்கு எழுதிப்போட்டு இல்லை இல்லை என்று பதில் வாங்கிக்கொண்டிருந்தபோது, அவருக்கு மட்டும் எப்படியோ கிடைத்துவிட்டது. அதில் பொறாமைப்பட்டவர்களும் உண்டு. காளியாயி பெருமைப்பட்டாள். நம்மாள் ஒருத்தராவது அந்தக் கட்டடத்துக்குள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாரே என்பது அவள் நினைப்பு.

அவர் மோட்டார் காரை வளைவில் நிறுத்திவிட்டு, வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு லயத்துக்கு ஏறி வந்தார். லயத்தை அவர் பார்த்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. பாய் விரித்தார்கள், தேத்தண்ணீர் கொடுத்தார்கள். கோப்பையை உதட்டில் வைத்துவிட்டுக் கீழே வைத்தார்.

"நம்ம தண்ணியில டவுனும் கிராமமும் பொழைக்கப் போவுது. உங்களுக்குப் புண்ணியம்," என்றார்.

"புண்ணியம் சரிங்க மொதலாளி. எங்களுக்குத் தண்ணி?" என்றாள் காளியாயி.

"அட, மொத கொழாயே உங்க லயத்துக்குத்தான். ரெண்டு வாய் வச்ச கொழாய். திருகினா கொட்டும். பாறையில வழுக்கி விழ வேண்டியதில்ல."

தோட்டத்துச் சங்கத் தலைவர் ஆண்டியப்பன் நிதானமான மனுஷன். தலையைச் சொறிந்துகொண்டு, "கமிட்டியில பேசி முடிவு எடுத்தாச்சுங்களா?" என்று கேட்டார்.

"நான் சொன்னா கமிட்டி சொன்ன மாதிரிதான், தலைவரே."

ஆண்டியப்பன் மறுபடியும் தலையைச் சொறிந்தார். காளியாயிக்கு ஒரு யோசனை வந்தது. அவளுடைய தலையெழுத்து, அவளுக்குத்தான் வரவேண்டுமா?

"கோயில்ல வந்து சொல்லிருங்க மொதலாளி. எல்லாருக்கும் மனசு ஆறிடும்."

லயத்துக் கோடியில் மாரியம்மன் கோயில். பூசாரி செல்லசாமி தட்டில் சூடத்தைப் பொருத்தி நீட்டினார். சூடம் எரியும்போது உள்ளங்கையால் அடித்து அணைத்து ஒருத்தன் ஒன்றைச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சே கிடையாது. பெண்டாட்டி புருஷனைச் சந்தேகப்பட்டாலும், பங்காளிக்குள் கோழி காணாமல் போனாலும், கங்காணி பேர் போடாமல் ஏமாற்றினான் என்றாலும், அந்த ஜனங்களுக்குக் கோர்ட்டு கச்சேரி எல்லாம் அந்தத் தட்டுதான். பொய்யாக அடித்தவன் கண் அவிந்துபோகும் என்று நம்பினார்கள். சண்முகராஜா மோதிரத்தை மேலே தள்ளிவிட்டு, "கீழ் லயத்துக்குக் கொழாய் வரும், இது ஆத்தா மேல சத்தியம்," என்று ஓங்கி ஒரு அடி அடித்தார். உள்ளங்கையில் கரி ஒட்டியது. பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை எடுத்துத் துடைத்துக்கொண்டார்.

பெண்கள் குலவை போட்டார்கள். எல்லாரையும்விட உரக்கப் போட்டது காளியாயி.

பிறகு வேலை தொடங்கியது. பணம் கொடுத்து ஆள் பிடிப்பதாக இல்லை, எல்லாம் சிரமதானம். டவுன்காரர்கள் முதல் ஞாயிற்றுக்கிழமை கொடி, மைக்செட் எல்லாம் கொண்டுவந்து, ஆளுக்கு நாலு கொத்து கொத்திப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு வந்ததெல்லாம் லயத்து ஆட்களும் கீழ்க் கிராமத்துச் சிங்கள ஜனங்களும்தான். மலையில் தண்ணீர்க் கான் வெட்டிப் பழகிய கைகளுக்குக் குழாய்க்குக் குழி வெட்டுவது ஒரு வேலையா? வாரம் பூராவும் தோட்டத்துக்கு உழைத்துவிட்டு, கிடைத்த ஒரு ஓய்வு நாளையும் அந்தக் குழியில் போட்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைகள் நன்றாகத்தான் இருந்தன. கிராமத்திலிருந்து ரங்மெனிக்கே என்ற பெண் கித்துள் கருப்பட்டியும் அவித்த மரவள்ளியும் கொண்டுவருவாள். காளியாயி றொட்டியும் சம்பலும் கொண்டுபோவாள். இரண்டு பேரும் குழி மேட்டில் உட்கார்ந்து, பாதி சிங்களமும் பாதி தமிழுமாகப் பேசிக்கொள்வார்கள். இவள் அவளைத் தங்கச்சி முறையில் நங்கி என்பாள், அவள் இவளை அக்கே என்பாள். இத்தனை வருஷம் ஒரே மலையின் மேலும் கீழுமாக இருந்துவிட்டு இப்போதுதான் முகம் பார்க்கிறோமே என்று காளியாயிக்கு ஆச்சரியமாக இருந்தது. பூரணியின் பிள்ளை ரங்மெனிக்கேயின் மடியில் ஏறிக்கொண்டு கருப்பட்டிக்குக் கை நீட்டும். சபைகள் கூடிப் படம் எடுத்த ஒற்றுமையைவிட இது உண்மையான ஒற்றுமை. இதைப் படம் எடுக்கத்தான் ஆள் இல்லை.

தை மாதக் கடைசியில் ஊற்றைச் சுற்றிச் சிமெந்துத் தொட்டி எழும்பியது. ஓவசியர் கொஞ்சம் மனசாட்சி உள்ள ஆள். தொட்டிச் சுவர் பூசுகிற அன்றைக்குத் தலைவரையும் காளியாயியையும் கூப்பிட்டார்.

"குழாய் வர்ற வரைக்கும் பீலிக்கு ஒரு ஓட்டை விட்டு வைக்கிறேன். அப்புறம் அடைச்சுக்கலாம்," என்றார்.

"அது நல்லதுங்க," என்றார் ஆண்டியப்பன்.

காளியாயிக்குச் சுருக்கென்றது. "என்ன தலைவரே பேசுறீங்க? சூடம் அடிச்சுக் குடுத்த பெறகு ஓட்டை விட்டு வைக்கிறதா? அப்ப ஆத்தாவ நம்பலேன்னுதானே அர்த்தம்?"

"மொதலாளிய நம்பறதுக்கும் ஆத்தாவ நம்பறதுக்கும் வித்தியாசம் இருக்கு புள்ள."

"ஆத்தா முன்னாடி சொன்னது யாரு சொன்னா என்ன? பீலியும் வேணும் கொழாயும் வேணும்னு நின்னா அவ கோவிச்சுக்குவா. பூசுங்கய்யா."

பெண்கள் எல்லாரும் அவள் பக்கம். ஆண்டியப்பன் ஒதுங்கி நின்றார். பூசுவதற்கு முன்னால், சாமியை மலையேற்றி வழியனுப்புவதுபோல் அந்தத் தகரத்துக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்து, தேங்காய் உடைத்து, பிடுங்கி எடுத்து ஆற்றில் விட்டார்கள். காளியாயி தன் கையால்தான் விட்டாள். தகரம் கல்லில் முட்டி முட்டிப் போவதைப் பார்த்தபோது அழுகை வந்தது. அது சந்தோஷத்து அழுகை என்று நினைத்துக்கொண்டாள். கொத்தனார் ஓட்டையைச் சிமெந்தால் அடைத்து வழவழவென்று பூசினார். மேலே இரும்பு மூடி, அதற்கு ஒரு பூட்டு.

மாசியில் திறப்பு விழா. டவுன் முனையில் வாழைமரமும் தென்னங்குருத்துமாகத் தோரணம். லயத்து ஜனங்கள் தப்பு அடித்துக்கொண்டு, இருப்பதில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு போய் நின்றார்கள். இரண்டு சேர்மன்மாரும் ஒரே வால்வை இரண்டு பக்கமும் பிடித்துத் திருகினார்கள். ஒற்றுமையைப் பற்றி ஆளுக்கு ஒரு மணி நேரம் பேசினார்கள். டவுனில் தண்ணீர் வந்தது. கிராமத்து அரசமரத்தடியில் தண்ணீர் வந்தது. கீழ் லயத்தில் ஒரு குழாய்க் குச்சி மட்டும் தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு நீட்டிக்கொண்டு நின்றது, வாயில் மூடி போட்டு.

"வாய் வைக்கிற சாமான் கொழும்புலேருந்து வரணும். அடுத்த மாசம்," என்றார் சண்முகராஜா, கழுத்து நிறைய மாலையோடு.

அடுத்த மாசம் வந்தது, சாமான் வரவில்லை. அந்தக் குச்சியில் பிள்ளைகள் ஏறிக் குதித்தார்கள், ஆடு கட்டினார்கள். ஆண்டியப்பன் விசாரித்துக்கொண்டு வந்து, லயத்துக் குழாய் விஷயம் கூட்டுக் கமிட்டியில் எடுபடப்போகிறது, சனிக்கிழமை கூட்டம், யாரும் போய்ப் பின்னால் உட்கார்ந்து கேட்கலாமாம் என்றார். காளியாயி கம்பளியை மடித்துவைத்துவிட்டு அவரோடு கிளம்பினாள்.

பட்டினசபை மண்டபத்தில் பின்பக்கம் ஒரு வாங்கு. இரண்டு பேரும் அதன் விளிம்பில் உட்கார்ந்தார்கள். பேச்சு இங்கிலீஷிலும் கனத்த சிங்களத்திலும் நடந்தது. ஆண்டியப்பன் காதோடு காதாகச் சொன்னார். பட்டினசபை சேர்மன் சொல்கிறார், லயம் டவுன் எல்லைக்கு வெளியே, வரி கட்டுகிற இடமில்லை, அங்கே குழாய் போட்டால் கேள்வி வரும். கிராமசபை சேர்மன் சொல்கிறார், கிராமம் முடிகிற இடத்தில் தோட்டம் தொடங்குகிறது, தோட்ட லயம் கிராமசபைக்குள் சேராது என்று சட்டத்திலேயே இருக்கிறது. தோட்டத்துப் பெரிய கிளாக்கர் சொல்கிறார், தொரை ஊற்றைக் கொடுத்தார், குழாய் கொடுப்பதாக அவர் யாருக்கும் சொல்லவில்லை.

"அப்ப நாம எந்த எல்லையிலதான் இருக்கோம் தலைவரே?" என்று கேட்டாள் காளியாயி.



அவள் கண் முழுக்கச் சண்முகராஜா மேல் இருந்தது. இப்போது எழுந்திருப்பார், இப்போது பேசுவார் என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் மேசையில் இருந்த தண்ணீர் கிளாசை எடுத்துக் குடித்தார். அது எந்த ஊற்றுத் தண்ணீர் என்று அவளுக்குத் தெரியும். கடைசியில் சேர்மன் எழுந்து ஏதோ படித்தார். லயத்துக்குக் குழாய் வேண்டாம் என்பவர்கள் கை தூக்குங்கள் என்றாராம். அதை ஆண்டியப்பன் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை. கை தூக்கினால் தெரியாதா?

ஒவ்வொன்றாக எழும்பின. சண்முகராஜா ஒரு தடவை பின்னால் திரும்பி வாங்கைப் பார்த்தார். பிறகு அவருடைய கையும் எழும்பியது. அதே வலது கை, அதே மோதிரம். உள்ளங்கை வெள்ளையாக, சுத்தமாக இருந்தது.

கூட்டம் முடிந்து வெளியே வந்தவர் ஒதுங்கிப் போகப் பார்த்தார். காளியாயி வழியில் நின்றாள்.

"கை தூக்கினீங்களே மொதலாளி."

"நீ வெவரம் தெரியாம பேசாத காளியாயி. நான் இங்க வந்து ஒக்காந்ததே நேத்து. இப்ப எதுத்து நின்னா நீயும் இந்தியாவுலேருந்து வந்த கள்ளத்தோணிதானேன்னு என்னையும் வெளிய தள்ளிப்புடுவாங்க. உள்ள இருந்தாத்தானே நாளைக்கு ஒங்களுக்காகப் பேச முடியும்?"

"பேசலையே?"

"எல்லாரும் தூக்குறப்ப நான் மட்டும் கைய மடியில வச்சிக்கிட்டு இருக்க முடியுமா?"

அது உண்மைதான். இரண்டு சபையும் ஒரு தோட்டமும் வருஷக்கணக்காக எதிலும் ஒத்துப்போகாதவர்கள், அன்றைக்குத்தான் ஒரு கை குறையாமல் ஒன்றுபட்டார்கள். அந்த நல்ல காரியத்தைக் கெடுக்க அவருக்கு மனசு வரவில்லை.

லயத்துக்குத் திரும்பியபோது பெண்கள் குடத்தோடு வாசலில் நின்றார்கள். காளியாயி முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார்கள். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். இளந்தாரிகள் சிலர் அலவாங்கை எடுத்துக்கொண்டு தொட்டியை உடைக்கக் கிளம்பினார்கள். தொட்டியில் கை வைத்தவன் குடும்பத்துக்கே பற்றுச்சீட்டு, தோட்டத்தைவிட்டு அன்றைக்கே இறங்கவேண்டும் என்று தொரை சொல்லிவிட்டதாகக் கணக்கப்பிள்ளை வந்து சொன்னார். அலவாங்குகள் மூலைக்குப் போயின.

ஓட்டை மட்டும் விட்டிருந்தால். அந்த ஒரு வார்த்தை காளியாயிக்குள் இரவும் பகலும் அரித்துக்கொண்டே இருந்தது. கொழுந்து கிள்ளும்போதும் அதுதான், சோறு பிசையும்போதும் அதுதான்.

திறப்பு விழா முடிந்ததிலிருந்தே கிராமத்து அரசமரத்தடிக் குழாய்க்குத்தான் போய்வந்தார்கள். ரங்மெனிக்கே வரிசையில் நிற்கவிடாமல் இழுத்துக்கொண்டுபோய் முதலில் குடத்தை வைக்கச் சொல்வாள். கொஞ்ச நாளில் கிராமசபை ஒரு காவல்காரனை உட்கார்த்தியது. கிராமத்து ஆட்களுக்கு மட்டும்தான் தண்ணீர். அவன் மேல் குற்றம் இல்லை, வயிற்றுப் பிழைப்பு. மீதி இருந்தது ஆறு. மேல் லயங்களின் கக்கூஸையும் மாட்டுப்பட்டியையும் தொட்டுக்கொண்டு வருகிற ஆறு. பங்குனி வெயிலில் அது சாக்கடை அளவுக்கு ஒடுங்கியிருந்தது.

சித்திரையில் பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் கண்டது. தோட்டத்து மருந்துக்காரர் ரோஸ் கலர் தண்ணீர் மருந்தைக் கொடுத்து, தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள் என்றார். விறகு எங்கே என்று அவர் கேட்கவில்லை, இவர்களும் சொல்லவில்லை. பெரிய பிள்ளைகள் எழும்பிவிட்டன. பூரணியின் பிள்ளை எழும்பவில்லை.

கைப்பிள்ளைக்குப் பெரிய சடங்கு ஒன்றும் கிடையாது. குளிப்பாட்டி எடுக்க ஒரு குடம் தண்ணீர் போதும். காளியாயி ஆற்றுத் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு வாசல் இஸ்தோப்பில் ஏறினாள். பூரணி நிமிர்ந்து பார்த்தாள்.

"பெரியம்மா. எம்புள்ளயக் கொன்ன தண்ணியில குளிப்பாட்டாதீங்க."

குடம் காளியாயி கையில் அப்படியே நின்றது. மலைக்கு மேலே பூட்டுப் போட்ட தொட்டிக்குள் ஊற்று விழுகிற சத்தம், காற்று திரும்பினால், லயம் வரைக்கும் கேட்கும். அன்றைக்குக் கேட்டது.

அப்போதுதான் ரங்மெனிக்கே வந்தாள். எப்படிச் செய்தி போயிற்றோ தெரியாது. இடுப்பில் மண்குடம், அதன் வாயில் வெள்ளைத் துணி கட்டியிருந்தாள். ஏற்றம் முழுக்க ஓடிவந்ததில் அவளுக்கு மூச்சு வாங்கியது. குடத்தைக் காளியாயி முன்னால் இறக்கி வைத்தாள்.

"மேக்க ஒயாலகே வத்துர, அக்கே," என்றாள். இது உங்கள் தண்ணீர்தான் அக்கா.

அந்தத் தண்ணீரில்தான் பிள்ளையைக் குளிப்பாட்டினார்கள். பாறையிலிருந்து லயத்துக்கு வந்துசேர அதற்கு அவ்வளவு சுற்று தேவைப்பட்டது. காளியாயி பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டு ஊற்றினாள். நான்தான்டி கொன்னேன், நான்தான்டி பூசச் சொன்னேன் என்று வாய்விட்டு அரற்றினாள்.

வைகாசி வந்தது. சாவு வந்தாலும் சம்பளம் வராவிட்டாலும் ஆத்தாவுக்குத் திருவிழா நிற்காது. ஆனால் கரகம் பாலிக்க ஓடுகிற நல்ல தண்ணீர் வேண்டுமே? கோயில் கமிட்டி கூடி முழித்துக்கொண்டிருந்தபோது டவுனிலிருந்து சண்முகராஜாவே சொல்லி அனுப்பினார். தண்ணீர் அவருடைய உபயமாம்.

திருவிழாவன்று மத்தியானம் அவர் லொறி வளைவில் வந்து நின்றது. பீப்பாய்கள் நிறையத் தண்ணீர். பீப்பாய்க்கெல்லாம் மஞ்சள் பூசி, மாலை போட்டு, வேப்பிலை கட்டியிருந்தார். ஜனங்கள் தப்பு அடித்து எதிர்கொண்டு கூட்டிவந்தார்கள். தங்கள் பீலித் தண்ணீரைத் தங்களுக்கே ஒருத்தர் தானமாகக் கொடுக்கிறார், அதை வாங்க வரிசையில் நிற்கிறோம் என்று ஒருவருக்கும் உறைக்கவில்லை. தண்ணீரைப் பார்த்த சந்தோஷத்தில் பிள்ளைகள் கும்மாளம் போட்டன. அவருக்கு முதல் மாலை, முதல் பரிவட்டம்.

பரிவட்டத்தோடு அவர் பேசினார். "எனக்கு மட்டும் வருத்தம் இல்லையா? இன்னும் பேசிக்கிட்டுத்தான் இருக்கேன். வர்ற வருஷம் இதே வைகாசியில, இதே எடத்துல, கொழாய் கொட்டலேன்னா என்னைக் கேளுங்க."

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. அவர் காதில் அது விழுந்தது. "நம்பலேன்னா சூடத்தைக் கொண்டாங்க," என்றார்.

ஆரத்தித் தட்டு அந்த நேரம் காளியாயி கையில் இருந்தது. மாதர் தலைவி என்ற முறையில் வருஷா வருஷம் அவள்தான் பிடிப்பாள். அதில் சூடம் கொழுந்துவிட்டு எரிந்துகொண்டிருந்தது. சண்முகராஜா அவள் பக்கம் திரும்பி, மோதிரத்தை மேலே தள்ளிவிட்டு, கையை ஓங்கினார்.

காளியாயி தட்டைப் பின்னால் இழுத்தாள். இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டு, தன் கையால் அந்த நெருப்பை மறைத்தாள். உள்ளங்கை சுட்டது. எடுக்கவில்லை.

"வேணாம் மொதலாளி," என்றாள். கத்தவில்லை. அவ்வளவு பெரிய குரல் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. "பீலியக் குடுத்துட்டோம். ஓட்டையையும் நாங்களே அடைச்சிட்டோம். ஆத்தாவையாவது எங்களுக்கு விட்டு வைங்க."

தப்பு பாதியில் நின்றது.

பிறகு ஆளாளுக்குப் பாய்ந்தார்கள். நல்ல நாளும் அதுவுமாக இவளுக்கு என்ன வந்தது என்றார்கள். வீட்டுக்கு வந்த மனுஷனை அவமானப்படுத்தலாமா என்றார்கள். புள்ள போனதுலேருந்து அவளுக்குப் புத்தி பிசகிப்போச்சு என்று ஒருத்தி சொன்னாள், பரிதாபமாகத்தான் சொன்னாள். ஆண்டியப்பன் முதலாளியிடம் கை கூப்பி மன்னிப்புக் கேட்டார். அடுத்த வருஷம் இன்னொரு திருவிழாவுக்குத் தண்ணீர் வேண்டுமே, தலைவர் வேறென்ன செய்வார்? பூசாரி செல்லசாமி ஒரு தேங்காய் மூடியில் புதுசாகச் சூடம் வைத்துப் பொருத்தினார். சண்முகராஜா கொசு அடிப்பதுபோல் லேசாக ஒரு அடி அடித்தார். பழகிய கை.

பெண்கள் குலவை போட்டார்கள். காளியாயி திரும்பிப் பார்த்தாள். குலவை போட்டவர்களில் பூரணியும் நின்றாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு, தொண்டை கிழிய, எல்லாரையும்விட உரக்கப் போட்டாள். அவள் வயிற்றில் இன்னொன்று வந்திருந்தது. நம்பாமல் அவள் என்ன செய்வாள்?

தட்டில் இருந்த சூடம் தானாக எரிந்து முடிந்திருந்தது. காளியாயி தட்டைக் கோயில் படியில் வைத்தாள். கரகம் பாலிக்க எல்லாரும் பீப்பாயைச் சுற்றி நெருக்கிக்கொண்டிருந்தார்கள், தப்பு மறுபடியும் தொடங்கிவிட்டது. அவள் அதில் ஒரு கை தண்ணீர்கூட எடுக்கவில்லை. காம்பராவுக்குப் போய்க் குடத்தை எடுத்துக்கொண்டு, அந்த மூடி போட்ட குழாய்க் குச்சியைத் தாண்டி, ஆற்றுக்கு இறங்கினாள். வீட்டில் குடிக்கத் தண்ணீர் இல்லை.